பூவோடா, பூ இல்லாமலா?

அர்ஜென்டினாவில் ட்ரூகோ ஆட உட்கார்ந்தால், சீட்டைக் கலைப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும்: “பூவோடா, பூ இல்லாமலா?” இதைக் கேட்காமல் சீட்டுப் போட்டு முறிந்துபோன சிநேகிதங்கள் ஏராளம். ஒரு கல்யாணமே நின்றுபோனதாக வடக்கே சந்தியாகோ மாகாணத்துப் பக்கம் சொல்வார்கள். பெண் வீட்டார் மட்டும் அதை மறுப்பார்கள்.

கைக்கு வந்த மூன்று சீட்டும் ஒரே இனமாக இருந்தால் அதுதான் பூ. மூன்றும் வாள், அல்லது மூன்றும் தடி, இப்படி. வந்தவர் அதைப் பாட வேண்டும்; பாடினால் மூன்று புள்ளி. வடக்கு மாகாணங்களில் வெறுமனே “பூ” என்று சொல்லி நிறுத்துவது சப்பென்று இருக்கும். எதிராளியைச் சீண்டி இரண்டு வரி கட்டிப் பாடினால்தான் பூவுக்கு மரியாதை. தலைநகரத்துக்காரர்களுக்கு இந்த வம்பெல்லாம் ஆகாது. அவர்கள் பூ இல்லாமல்தான் ஆடுவார்கள். புவனோஸ் அய்ரெஸ் எதையும் சீக்கிரம் முடித்துவிட்டு அடுத்ததற்குப் பறக்கிற ஊர்.

யானினா பஸுவால்தோ சந்தியாகோ மாகாணத்துக்காரி. போசோ அல்கரோபோ என்று ஒரு ஊர். வரைபடத்தில் தேடினால் ஈ உட்கார்ந்துவிட்டுப் போன இடம் மாதிரி தெரியும். தலைநகரத்தில், ஒரு மெத்தைக்கடைக்கு மேல் மாடியில் இருந்த சின்னக் கம்பெனியில் அவள் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தாள். அந்த வருஷம் அந்தக் கம்பெனிக்கு ஒரு பெரிய வேலை வந்தது. நாடு முழுவதும் உள்ள ஊர்கள் தங்கள் ஜோடியை அனுப்பி ஆடும் ட்ரூகோ போட்டியை இணையத்தில் நடத்திக்கொடுக்க வேண்டும்.

முதலாளி ஃபாப்ரிசியோ எடுத்த எடுப்பில், “பூவெல்லாம் வேண்டாம், சிம்பிளா முடிப்போம்” என்றார். யானினா மாசக்கணக்கில் சண்டை போட்டாள். பூ இல்லாத போட்டிக்கு வடக்கிலிருந்து ஒரு ஜோடிகூட வராது என்றாள். நாட்டுப் போட்டி என்று பெயர் வைத்துவிட்டு உங்கள் தெருப் போட்டியை நடத்தாதீர்கள் என்றுகூடச் சொன்னாள். கடைசியில் அவர் இறங்கிவந்தார்.

“சரி, வெச்சுக்கோ. ஒவ்வொரு மேசையும் அவங்களே கேட்டு முடிவு பண்ணிக்கட்டும். ஆனா ஒண்ணு. இந்தப் பூவால சர்வர் ஒரு தடவை திணறினாலும் போச்சு. அன்னிக்கும் கிடையாது, அடுத்த வருஷமும் கிடையாது, எந்த வருஷமும் கிடையாது.”

சொன்னதோடு விடவில்லை. தன் திரையில் ஒரு பொத்தான் வைக்கச் சொன்னார். அதை அழுத்தினால் அந்த நொடியே எல்லா மேசையிலும் பூ ரத்து. அந்தப் பொத்தானை எழுதிக்கொடுத்ததும் யானினாதான். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது.

ஊரில் கதை வேறு மாதிரி போய்க்கொண்டிருந்தது. “தலைநகரத்துலயே பூவைக் காப்பாத்திட்டா என் மவ” என்று அவள் அம்மா நெல்பா, ரொட்டிக்கடை தொடங்கி மாதா கோயில் வரைக்கும் சொல்லி முடித்துவிட்டாள். போதாததற்கு, ஊர் கிளப்பில் நிஜச் சீட்டில் நடந்த தகுதி ஆட்டத்தில் அத்தனை பேரையும் தோற்கடித்து, கோயில் பாதிரியாரான பங்குச்சாமியோடு ஜோடி சேர்ந்து ஊர் சார்பில் ஆடப்போகிறவளும் அந்த அம்மாவேதான். பூ போய்விட்டால் யானினாவால் ஊர்ப் பக்கம் தலைகாட்ட முடியாது. ஆனால் அவளுக்கு உண்மையில் உறுத்தியது அது இல்லை. தன் ஊர் ஆடும் விதமும் ஒரு விதம்தான் என்று அந்த மாடியில் யாராவது ஒருவர் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று அவளுக்கு ஆசை. இத்தனை வருஷத்தில் அவள் அங்கே ஆசைப்பட்டுக் கேட்டது அது ஒன்றுதான்.

போட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை. தலைநகரத்துப் பக்கத்து ஊர்கள் நடுப்பகலிலேயே இறங்கிவிட்டன. வடக்கு ஊர்கள் ஐந்து மணிக்கு மேல்.

“ஏன் அஞ்சு மணின்னு கேளு” என்றான் கூட வேலை பார்க்கும் கோலோ. செம்பட்டைத் தலைக்காரனை அங்கே கோலோ என்பார்கள்; அதனால் எல்லோருக்கும் அவன் கோலோதான். அவன் உண்மையான பெயர் சம்பளச் சீட்டுக்கு மட்டும் தெரியும். “சந்தியாகோக்காரங்க மத்தியானத் தூக்கத்துலேருந்து எழுந்திரிக்கணும். அப்புறம் எழுந்திரிச்ச களைப்பு தீர இன்னொரு தூக்கம் போடணும்.”

“நீங்க தூங்காம முழிச்சிருந்து என்னடா கிழிச்சீங்க? உங்க ஆளுங்க ஆடுறதைப் பாத்தா பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு ஆடுற மாதிரி இருக்கு” என்றாள் யானினா.

“நாங்க சீட்டு ஆடுறோம். நீங்க கவியரங்கம் நடத்துறீங்க.”

“பொறாமை.”

கோலோ வாய்தான் நீளம், ஆள் தங்கம். அன்று காலையிலிருந்து அவன் பார்த்த வேலை, எஞ்சினைச் சூடேற்றுவது.

இதை மட்டும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இந்த மாதிரி புரோகிராம் எழுதியது எழுதியபடியே ஓடாது. அடியில் ஒரு எஞ்சின் உட்கார்ந்து, எந்தப் பகுதி அடிக்கடி ஓடுகிறது, அதற்குள் என்ன வருகிறது, என்ன போகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கும். பார்த்துப் பார்த்து, ஓடுகிற பகுதியை ஓட ஓடவே வேகமானதாகத் திருத்தி எழுதிக்கொள்ளும். அந்த வேகத்தின் ரகசியம் ஊகம். மூலைக் காபிக்கடையில் நாற்காலியை இழுக்கும்போதே பரிமாறுகிறவர் உங்கள் வழக்கமான காபியோடு வந்து நிற்கிறார் அல்லவா, அதே வித்தைதான். ஒருநாள் நீங்கள் டீ கேட்டுவிட்டால் அவர் காபியைக் கொட்டிவிட்டு உள்ளே திரும்பிப் போய், நிதானமாக டீ போட்டு எடுத்துவர வேண்டும். எஞ்சினும் அப்படித்தான். ஊகம் தப்பினால், திருத்தி எழுதியதைக் கிழித்துப் போட்டுவிட்டுப் பழைய மெதுவான வழிக்கே திரும்பும். அதனால் கூட்டம் வருவதற்கு முன்பே பொம்மை ஆட்டக்காரர்களை விட்டு ஆயிரக்கணக்கில் ஆட வைத்து, வழக்கம் என்ன என்பதை அதற்குக் கற்றுக்கொடுத்துவிடுவார்கள். அந்தப் பொம்மைகளை எழுதியது கோலோ.

பகல் முழுக்க எல்லாம் வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போயிற்று. சுவரில் இருந்த பெரிய திரையில், ஒரு சீட்டுப் போட்டால் பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் கோடு தரையோடு தரையாகப் படுத்திருந்தது. ஃபாப்ரிசியோ தட்டு நிறைய மெதியாலுனா வாங்கிவந்து வைத்தார். அவர் கைக்காசில் பலகாரம் வாங்குவதே ஒரு திருவிழா.

ஐந்து மணிக்கு வடக்கு வந்தது. கோடு முதலில் லேசாக இருமியது. பிறகு விட்டுவிட்டு இருமியது. மேசைகள் கூடக்கூட, இருமல் நிற்காமல் போயிற்று. யானினா நிமிர்ந்து உட்கார்ந்தாள். அதற்குள் போன் அடித்தது. அம்மா.

“ஏ புள்ள, இங்க வட்டம் சுத்துது.”

“எந்த வட்டம்மா?”

“திரையிலதான். நாங்க இருபத்தெட்டு, அவனுவ இருபத்தேழு. லா ரியோஹாப் பயலுவ. முப்பதுக்கு இன்னும் ரெண்டே புள்ளி. இந்த நேரம் பாத்து சுத்துது பாரு. என் கையில வாள் ஒண்ணு இருக்கு, வாள் ஏழு இருக்கு...”

“அம்மா! சீட்டை என்கிட்ட சொல்லாதீங்க, நான் போட்டி நடத்துறவ!”

“சொன்னா என்ன? நீ என்ன லா ரியோஹாவுக்கா வாக்கப்பட்டிருக்க? பங்குச்சாமி வேற ஜெபமாலையை எடுத்துட்டாரு. அவரு ஜெபமாலையை எடுத்தார்னா கையில ஒண்ணும் இல்லன்னு அர்த்தம். எதிராளிக்கும் அது தெரியுதோ என்னவோ. சீக்கிரம் அந்த வட்டத்தை நிறுத்து.”

யானினா போனை வைத்துவிட்டு அம்மாவின் மேசையைத் திறந்து பார்த்தாள். நிர்வாகிக்கு எல்லா மேசையும் தெரியும். அங்கே ஒரே ஒரு அழைப்பு முடியாமல் தொங்கிக்கொண்டிருந்தது. லா ரியோஹாக்காரன் பாடிய பூ அது. மூன்றும் தடி. கூடவே அவன் கட்டிய பாட்டு:

*கொடிமுந்திரிக் காட்டுல குனிஞ்சு நின்ன நேரம்*
*தடியெல்லாம் பூத்திருச்சு, தாங்கிக்கோ தாயி!*

யானினாவுக்கு ஒரே சமயத்தில் இரண்டு விஷயம் விளங்கிற்று. ஒன்று, சர்வர் ஏன் திணறுகிறது என்பது. இன்னொன்று, இந்த அழைப்பு உள்ளே போய்ச் சேர்ந்தால் இருபத்தேழும் மூன்றும் முப்பது. ட்ரூகோவில் எல்லாவற்றையும் வெட்டுகிற பெரிய சீட்டான வாள் ஒன்று அம்மா கையில் இருந்தாலும் பயனில்லை, ஆட்டம் முடிந்தது.

“ஐயோ” என்றாள் வாய்விட்டு.

முதலாவதை முதலில் பார்ப்போம் என்று அவள் கோலோவின் பக்கம் நாற்காலியைத் திருப்பினாள்.

“டேய், உன் பொம்மைங்க காலையிலேருந்து ஆடிச்சே, பூப் பாடிச்சா?”

“பூவா?” கோலோ மெதியாலுனாவை வாயில் வைத்தபடியே கேட்டான். “எதுக்குப் பூ? ட்ரூகோ ஆடிச்சு.”

“பூவோடவா, பூ இல்லாமலா?”

மெல்லுவது நின்றது. அவன் முகம் தலைமுடியின் நிறத்துக்கு வந்துகொண்டிருந்தது.

“நான் எப்படி ஆடுவேனோ அப்படித்தான் எழுதினேன். எங்க வீட்ல யாரும் பூ வெச்சு... யானி, சத்தியமா எனக்குத் தோணவே இல்ல.”

அவனைக் குற்றம் சொல்லவும் முடியவில்லை. பொம்மைகள் அவனைப் போலவே தலைநகரத்துப் பிள்ளைகளாக வளர்ந்துவிட்டன. காலையிலிருந்து பார்த்த எஞ்சின், இந்த நாட்டில் யாரும் பூப் பாடுவதில்லை என்று முடிவு கட்டிவிட்டது. இதில் யானினாவின் கைங்கரியமும் இருந்தது. பந்தயம் கட்டுகிற அழைப்புகள் உள்ளே நுழைய ஒரு வாசல் இருந்தது. அதில் எப்போதும் ஒரு எண் வரும், இத்தனை புள்ளி என்று. அவசரத்தில் அவள் பூவையும் அதே வாசல் வழியாக விட்டிருந்தாள், பாட்டோடு சேர்த்து. எஞ்சின் எண்ணுக்குக் கை நீட்டிக்கொண்டு நிற்கிறது. வந்து விழுவது கவிதை. ஊகம் தப்பிற்று என்று எல்லாவற்றையும் கிழித்துப் போடுகிறது, மறுபடி திருத்தி எழுதுகிறது. அடுத்த நாலு அழைப்பு எண்ணாக வருகிறது, ‘நான் சொன்னேனா இல்லையா’ என்று நிமிர்கிறது. உடனே சால்தாவிலிருந்து யாரோ ஒருவர் மாமியாரை வைத்து ஒரு பாட்டுப் பாடுகிறார். மறுபடியும் கிழி. ஆயிரக்கணக்கான மேசைகளும் அந்த ஒரு வாசலில்தான் வரிசையில் நின்றன.

சுவர்க் கோடு மலை ஏறிக்கொண்டிருந்தது. ஃபாப்ரிசியோ தன் அறையிலிருந்து வந்தார். கையில் மாத்தே குவளை, இலையில் வெந்நீர் விட்டு விட்டு உறிஞ்சுகிற அந்த நாட்டுத் தேநீர்; கண் திரை மேல்.

“பூதானே?”

யானினாவுக்குப் பொய் சொல்ல வரும். பொய்யே பாதி ஆட்டமான ட்ரூகோவை ஆடுகிற வீட்டில் பிறந்தவள். ஆனால் சொல்லவில்லை.

“பூதான். ஆனா பூவோட தப்பு இல்ல. நாங்க அதைச் சூடேத்தல.”

“என் கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான்மா. நான் பொத்தானை அழுத்துறேன்.”

“அழுத்தினா வடக்கு மொத்தமும் எழுந்து போயிடும்.”

“அழுத்தலைன்னா நாடு மொத்தமும் எழுந்து போயிடும். சர்வரை ஒரு தடவை அணைச்சுப் போட்டா?”

“நடக்குற ஆட்டம் அத்தனையும் அழிஞ்சிடும். ஓடும்போதே சரி பண்றேன். கொஞ்சம் நேரம் குடுங்க.”

ஃபாப்ரிசியோ கெட்ட மனிதர் இல்லை. மனசு இளகினவர்தான், ஆனால் பயந்தவர். குவளையைப் பார்த்தார், மேசை மேல் இருந்த ஃபிளாஸ்க்கைப் பார்த்தார்.

“இந்த ஃபிளாஸ்க் தண்ணி தீர்ற வரைக்கும். அதுக்கு மேல ஒரு நிமிஷம் கிடையாது. கோலோ, ஊத்து.”

கோலோ ஃபிளாஸ்க்கைத் தன் மடியில் இழுத்து வைத்துக்கொண்டான். பாவம் செய்தவனுக்குப் பரிகாரம் கிடைத்த முகம்.

யானினா விசைப்பலகை முன் குனிந்தாள். அப்போதுதான் இரண்டாவது விஷயம் வந்து நெஞ்சில் உட்கார்ந்தது. இவள் ஒன்றும் செய்யாமல் கையைக் கட்டிக்கொண்டு இருந்தால் போதும். அவர் பொத்தானை அழுத்துவார், தொங்குகிற பூ ரத்தாகும், அம்மா வாள் ஒன்றை ஓங்கி அடித்து ஜெயிப்பாள். அறுபத்தைந்து வயசுக்கு மேல், முதல் முதலாக ஊர் எல்லை தாண்டி ஒரு வெற்றி. இவள் வேலையை ஒழுங்காகச் செய்தாலோ அம்மா தோற்பாள். சின்ன வயதில் அம்மாவைத் தோற்கடிக்கிற வேலையை யாராவது கொடுத்திருந்தால் கூலி வாங்காமல் செய்திருப்பாள். இப்போதோ, அம்மா ஜெயிக்க வேண்டும் என்று அவ்வளவு ஆசையாக இருந்தது.

“என்ன யோசனை?” என்றான் கோலோ.

“ஒண்ணுமில்ல. நீ சொட்டுச் சொட்டா ஊத்து.”

அவள் பூவுக்குத் தனி வாசல் கட்ட ஆரம்பித்தாள். எண்ணெல்லாம் இந்தப் பக்கம், பாட்டெல்லாம் அந்தப் பக்கம். பூவுக்கென்று ஒரு சின்னப் பகுதி. அதற்குள் எப்போதும் பாட்டு மட்டுமே வரும். ஒரே மாதிரி வந்தால் எஞ்சின் அதையும் கற்றுக்கொள்ளும். அதற்குப் பாட்டின் மேல் தனிப்பட்ட விரோதம் கிடையாது. எழுதுவது கஷ்டமில்லை. ஓடுகிற புரோகிராமுக்குள் அதைச் செருகவும் அவளுக்குத் தெரியும், அவர்கள் தொழிலே அதுதான். சிக்கல் செருகிய பிறகு. புதுப் பகுதியைச் செருகிய மறுகணம், எஞ்சின் அந்த வாசலைப் பற்றி இதுவரை கற்ற அத்தனையையும் மறந்துவிடும். எல்லா மேசையும் இப்போதைவிட மெதுவாகும். புதிதாகக் கற்றுக்கொள்ள அதற்கு நிறையப் பூ வேண்டும், உடனே வேண்டும். நூறு கையில் நாலைந்து கைக்குத்தான் பூ விழும். அதுவாக விழட்டும் என்று காத்திருந்தால் ஃபிளாஸ்க் இரண்டு தடவை காலியாகிவிடும்.

முதலாளி குவளையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏண்டா, இது மாத்தேயா, கண்ணுக்கு விடுற சொட்டு மருந்தா?”

“தண்ணி ரொம்பச் சூடா இருக்கு சார். மொத்தமா ஊத்தினா இலை வெந்துடும். எங்க மாமா ஒருத்தர் அப்படித்தான் ஒரு தடவை...” என்று கோலோ இல்லாத ஒரு மாமாவின் கதையைத் தொடங்கினான்.

யானினா ஊருக்குப் போன் போட்டாள். அம்மாவுக்கு இல்லை, கறிக்கடை போன்சியானோவுக்கு. அன்று ஊரே கிளப்பில் கூடி ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. வாசலில் அடுப்பு மூட்டிக் கறி சுடுகிற பொறுப்பு அவருடையது.

“போன்சியானோ அண்ணே, அங்க எத்தனை பேர் இருக்கீங்க?”

“உங்கம்மாகிட்ட தோத்தவங்க எல்லாரும் இருக்கோம் புள்ள. அப்படின்னா ஊரே இருக்குன்னு வெச்சுக்கோ.”

“எல்லாரும் போனை எடுங்க. அந்தச் செயலியில பயிற்சி மேசைன்னு ஒண்ணு இருக்கும். அதுல உக்காருங்க. நான் சீட்டுக்கட்டை மாத்தி வெக்கிறேன். ஒவ்வொரு கைக்கும் பூதான் விழும். விழ விழ நிறுத்தாம பாடுங்க.”

பயிற்சி மேசைகளும் அதே சர்வரில், அதே வாசல் வழியாகத்தான் ஓடின. அங்கே புள்ளி எதுவும் போட்டிக் கணக்கில் சேராது. பூ மட்டும் பூதான்.

மறுமுனையில் கறி பொரிகிற சத்தத்துக்கு மேல் அவர் குரல் உயர்ந்தது.

“எல்லாக் கைக்கும் பூவா? ஏமாத்து வேலை இல்லையே?”

“இல்லண்ணே. பயிற்சிக்குத்தான். பூவைக் காப்பாத்துறதுக்கு.”

“பாட்டு சுத்தமா இருக்கணுமா? எப்படி வேணும்னாலும் இருக்கலாமா?”

“எப்படி வேணும்னாலும்.”

“அப்படிச் சொல்லு” என்றவர், போனை வைக்காமலேயே கத்தினார். “ஏலேய்! எல்லாம் இங்க வாங்கடா! பூ இலவசமாம்!”

யானினா பயிற்சி மேசைகளின் சீட்டுக்கட்டை மாற்றினாள். தனி வாசலை ஒரு தடவை சரிபார்த்தாள். பிறகு ஓடிக்கொண்டிருந்த புரோகிராமுக்குள் அதைச் செருகினாள்.

சுவர்க் கோடு ஒரே தாவாகத் தாவி உச்சியில் முட்டிற்று.

“யானினா!” ஃபாப்ரிசியோ எழுந்துவிட்டார். “குறைக்கிறேன்னு சொல்லிட்டு ஏத்துறியே!”

“குறையும். அது இப்ப முதல் வகுப்புல உக்காந்திருக்கு. படிக்கட்டும்.”

“முதல் வகுப்பா? நாடே வட்டத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கு!” அவர் கை பொத்தான் இருந்த மேசைப் பக்கம் நீண்டது.

“சார், மாத்தே” என்று கோலோ குவளையைக் குறுக்கே நீட்டினான். மாத்தே வட்டத்தில் நீட்டிய குவளையை வாங்காமல் விடுவது அவமரியாதை. வேண்டாம் என்றால் “நன்றி” என்று சொல்ல வேண்டும், சொன்னால் அன்றைக்கு மறுபடி கிடைக்காது. ஃபாப்ரிசியோ பதற்றத்தில் மாத்தே இல்லாமல் இருக்கத் தெரியாத மனிதர். வாங்கிக்கொண்டார். உறிஞ்சினார். உறிஞ்சும்போது கண் யானினாவின் திரையில் விழுந்தது. அங்கே பயிற்சி மேசைகளிலிருந்து பாட்டுகள் மழையாக இறங்கிக்கொண்டிருந்தன.

*ஆத்தோரம் போனேன், அரும்பு பறிச்சு வந்தேன்,*
*தோத்தவன் மூக்குல சொருகிவெச்சேன் பூவை!*

*கறிக்கடை அண்ணன் எலும்பை நிறுத்து வித்தான்,*
*நிறுத்தாம தர்றேன் நான், இந்தா பிடி பூ!*

“யாரு இது, கறிக்கடை அண்ணன்?” என்றார்.

“போன்சியானோ. அவர் குடுத்த பதிலைப் பாருங்க, அடுத்தது.”

*எடையில குறைச்சாலும் எலும்பு நல்ல எலும்பு,*
*கடனுக்குத் தின்னவனே, உன் கண்ணுல பூ!*

ஃபாப்ரிசியோ சிரித்ததில் மாத்தே மூக்கில் ஏறிவிட்டது. இருமினார். இருமிக்கொண்டே அடுத்ததைப் படித்தார். அடுத்தது பங்குச்சாமி காதில் விழக்கூடாத ரகம். அதைப் படித்துவிட்டு நாற்காலியை இழுத்து யானினாவின் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

பூ பாடுவது வேகமெடுத்தது. போசோ அல்கரோபோவில் பூ இலவசம் என்ற செய்தி எப்படியோ பக்கத்து ஊர்களுக்கும் பரவி, அங்கிருந்தும் ஆட்கள் பயிற்சி மேசைக்கு வந்து குவிந்தார்கள். எஞ்சின் பார்த்துக்கொண்டே இருந்தது. இந்த வாசலில் வருவது பாட்டு. இதுவும் பாட்டு. இதுவும். சரி, இந்த ஊர் வழக்கம் இதுதான் போலிருக்கிறது என்று ஒரு கட்டத்தில் அதற்குப் பட்டிருக்க வேண்டும். கோடு உச்சியில் தயங்கி நின்றது. ஒரு படி இறங்கிற்று. இன்னொரு படி. பிறகு சரசரவென்று கீழே வந்து தரையில் படுத்துக்கொண்டது.

கோடு மறுபடி எழுகிறதா என்று மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எழவில்லை.

“காலையில இருந்ததைவிடக் கீழ இருக்கு” என்றான் கோலோ மெதுவாக.

“காலையில அது அரை ட்ரூகோதான் கத்துக்கிட்டுது” என்றாள் யானினா. “இப்பதான் முழுசாத் தெரியும்.”

கோலோ ஃபிளாஸ்க்கைக் குலுக்கிக் காட்டினான். உள்ளே இன்னும் தண்ணீர் சலசலத்தது. ஃபாப்ரிசியோ அவனை ஒரு பார்வை பார்த்தார். யானினாவைப் பார்த்துச் சொன்னார்.

“பூ இருக்கட்டும். இந்த வருஷமும், அடுத்த வருஷமும். அந்தப் பொத்தானை எடுத்துடு, பாத்தா கை அரிக்குது.” கதவு வரைக்கும் போய்த் திரும்பி வந்தார். “இந்தப் பாட்டெல்லாம் எங்கயாவது சேமிச்சு வெச்சிருக்கியா? என் மச்சானுக்கு ஒண்ணு அனுப்பணும்.”

கோலோ யானினாவைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான். மன்னிப்புக் கேட்டான். அடுத்த தடவை தன் பொம்மைகளைச் சந்தியாகோவுக்கே அனுப்பிப் படிக்கவைக்கிறேன் என்றான். யானினாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. இத்தனை வருஷமாகக் கேட்டது கிடைத்துவிட்டது. அதைக் கொண்டாடக்கூட முடியாமல் அவள் கண் போன் மேலேயே இருந்தது. அம்மாவின் மேசையைத் திறந்து பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

போன் அடித்தது. பின்னால் கிளப்பின் இரைச்சல், யாரோ கிதார் தட்டும் சத்தம்.

“ஏ புள்ள, வட்டம் நின்னுடுச்சு.”

“தெரியும்மா.”

“நாங்க தோத்துட்டோம்.”

“தெரியும்மா.”

“லா ரியோஹாப் பய. தடிப் பூ. தாங்கிக்கோ தாயின்னு பாடுறான் படவா! கையில வாள் ஒண்ணை வெச்சுக்கிட்டு நான் வாயைப் பொளந்துக்கிட்டு உக்காந்திருக்கேன். பங்குச்சாமி கோயில்ல சொல்லக்கூடாத வார்த்தை ஒண்ணைச் சொல்லிட்டாரு.” அம்மா சட்டென்று நிறுத்தினாள். “ஆமா, நான் சொல்றதுக்கு முன்னாடியே தெரியும்கிற. எப்படித் தெரியும்?”

யானினா கண்ணை மூடிக்கொண்டாள்.

“வட்டம் சுத்தும்போதே பாத்துட்டேன்மா. அவன் பாடின பூதான் மாட்டிக்கிட்டு நின்னுச்சு. பூவை ரத்து பண்ணியிருந்தா நீங்க ஜெயிச்சிருப்பீங்க.”

“உன்னால ரத்து பண்ண முடியுமா?”

“நான் சும்மா இருந்திருந்தாலே போதும்.”

அம்மா மூச்சை இழுத்து விட்டாள். பேசியபோது குரல் கொஞ்சம் கரகரத்திருந்தது.

“நல்லா கேட்டுக்கோ. தோத்தது எனக்கு வயித்தெரிச்சல்தான், இல்லன்னு சொல்லல. ஆனா நீ மட்டும் அந்தப் பூவைத் தட்டிவிட்டு என்னை ஜெயிக்க வெச்சிருந்தேன்னு வையி, நாளைக்கு நீ ஊருக்கு வந்தா வாசப்படி மிதிக்க விட்டிருக்க மாட்டேன்.”